பழுதைக் கண்டுபிடி; பிறகு பணத்தை எடு!

பிக்கப் வண்டியின் கதவுக் கண்ணாடி ஏறவில்லை, இறங்கவில்லை என்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, அதற்கும் ஒரு கட்டுரையா என்று தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். பெரிய விஷயம்தான் என்பது நமது பதில். கண்ணாடி பெரிதல்ல, அதன் பேரால் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து போகும் பணம் பெரிது. அந்தப் பணம் நியாயமான வேலைக்குப் போனால் நமக்கு வருத்தமில்லை. பழுது எங்கே என்று பார்க்காமலேயே "மோட்டார் போச்சு, மாற்று" என்கிறார்கள். மோட்டாரை மாற்றியும் கண்ணாடி அசைவதில்லை. "அப்படியானால் சுவிட்சாக இருக்கும்" என்று இரண்டாவது முறையும் கை நீட்டுகிறார்கள். இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நமது கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சோதித்துப் பார்க்காமல் சாமான் மாற்றாதே! இதைப் பட்டறைக்காரரிடம் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதை நாமும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அறியாதவனிடம்தான் ஊகம் விலைபோகும், அறிந்தவனிடம் விலைபோகாது.

யாருடைய வண்டி இது?

கோல சிலாங்கூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்திருந்த பட்டணத்துக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அதன் அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடவு நடந்தது. அன்று தொடங்கிய செம்பனை, நாளடைவில் வட சிலாங்கூரின் பால் மரக் காடுகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. காடு மாறியது, வேலையும் மாறியது. லயத்து வாசலிலிருந்து வெட்டுக்கு நடந்தே போன காலம் போய், குடியிருப்பு ஓரிடம், வேலைக்காடு வேறிடம் என்றாகிவிட்டது.

ஆகவேதான் இன்று ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கம் போனாலும், வடக்கே கெர்லிங், களும்பாங் பக்கம் போனாலும் வீட்டு வாசல்களில் பழைய பிக்கப் வண்டிகளைக் காண்கிறோம். ஹைலக்ஸ் ஆகட்டும், டி-மேக்ஸ் ஆகட்டும், டிரைட்டன் ஆகட்டும், புதிதாக வாங்கியவர் சிலரே. பலரும் மற்றவர் ஓட்டிக் களைத்த வண்டியைத் தவணை கட்டி வாங்கியவர்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் ஏற்றுவதும் அதே வண்டி; பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போவதும் அதே வண்டி; நடு இரவில் நோயாளியைத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதும் அதே வண்டிதான்.

அந்த வண்டியின் கண்ணாடி இறங்கிய நிலையில் நின்றுவிட்டால் மழையில் இருக்கை நனைகிறது. வண்டியைப் பூட்டி நிறுத்த முடிவதில்லை. ஏறிய நிலையில் நின்றுவிட்டால், குளிர்சாதனம் செத்துப்போன பழைய வண்டிக்குள் மனிதன் வேகிறான். இது சொகுசுக்காரன் பிரச்னை என்று யார் சொல்ல முடியும்?

மின்சாரம் போகும் வழி

பழைய காலத்து லாரியில் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி ஏறும். இப்பொழுது அந்தக் கைப்பிடியின் வேலையைக் கதவுக்குள் இருக்கும் ஒரு சிறிய மோட்டார் செய்கிறது. பாட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் புறப்பட்டு, பியூஸ் வழியாக, பல வண்டிகளில் ஒரு ரிலே வழியாகவும், டிரைவர் கதவிலுள்ள பெரிய சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து மற்றக் கதவுகளின் சுவிட்சுகளுக்கும், அவற்றிலிருந்து மோட்டார்களுக்கும் போகிறது. மோட்டாருக்கு இரண்டு ஒயர்கள். மின்சாரம் ஒரு பக்கமாக ஓடினால் கண்ணாடி ஏறும். அதையே திருப்பிவிட்டால் இறங்கும். சுவிட்சின் வேலை இந்தத் திருப்பல்தான்.

வெட்டுக்காரத் தோழர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. வெட்டிய கோட்டிலிருந்து பால் வழிந்து, தகரத்தில் இறங்கி, மங்கில் விழுகிறது. மங்கில் பால் இல்லையென்றால் மரம் செத்துவிட்டது என்று எந்த வெட்டுக்காரனாவது முடிவு கட்டுவானா? கோட்டில் பால் வருகிறதா, வழியில் பட்டைத் துணுக்கு அடைத்திருக்கிறதா, தகரம் விழுந்துவிட்டதா என்று மேலிருந்து கீழ்வரை பார்ப்பான் அல்லவா? அதே கண்ணோடு ஒயரைப் பார்க்கச் சொல்கிறோம். கண்ணாடி அசையவில்லை என்றதும் மோட்டாரைக் குற்றவாளியாக்குவது, மங்கைப் பார்த்துவிட்டு மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்குச் சமம்.

முதல் சந்தேகம் கீல் பக்கத்தில்!

பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கதவுக்கும் வண்டி உடலுக்கும் நடுவே, கீலை ஒட்டி இருக்கும் ரப்பர் உறை. கதவுக்குப் போகிற ஒயர்கள் எல்லாம் இந்த உறைக்குள்ளேதான் போகின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை வளைகின்றன; மூடும் ஒவ்வொரு முறையும் நிமிர்கின்றன. பத்துப் பதினைந்து வருஷம் வளைந்து நிமிர்ந்தால் செம்பு என்ன செய்யும்? உள்ளேயிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாய் அறுந்துபோகும். டிரைவர் கதவு அதிகம் திறக்கப்படுவதால் அங்கேதான் அதிகச் சேதம்.

பால் வெட்டுகிற நாம் இன்னொன்றையும் அறிந்துவைத்திருக்கலாம். அந்த உறை பெரும்பாலும் நம் மரத்துப் பாலில் ஆனதல்ல. வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் இயற்கை ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால், இத்தகைய இடங்களுக்கு எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பரையே வண்டிக் கம்பெனிகள் போடுகின்றன. ஆகவே உறை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஒயரின் மேல்தோலும் சில சமயம் முழுசாகவே இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறக்கூடாது.

இதைக் கண்டறியக் காசு செலவில்லை. சாவியைத் திருப்பி, சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் கண்ணாடி அசைந்தால், பழுது ஒயரில்தான். பெரும்பாலும் கீல் பக்கத்தில்தான். கதவு மூடியிருந்தால் வேலை செய்கிறது, திறந்தால் நிற்கிறது என்பதும் இதே அடையாளம்தான்.

அடையாளங்களைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் சாகவில்லை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். பொதுவான வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. பியூஸ், ரிலே, எர்த் ஒயர், டிரைவர் கதவுக்குள் போகும் பிரதான ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பின்னால் இருப்பவரின் சுவிட்ச் மட்டும் வேலை செய்யவில்லையென்றால், முதலில் டிரைவர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வைத்த அந்தப் பொத்தான் அழுந்தியிருப்பதை அறியாமல் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டுவது வீண் செலவு.

டிரைவர் சுவிட்சில் அசைகிறது, அந்தக் கதவின் சொந்தச் சுவிட்சில் அசையவில்லை என்றால், பூட்டுப் பொத்தான் அழுந்தவில்லை என்று உறுதியான பிறகு, அந்தச் சொந்தச் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். மாறாக, சொந்தச் சுவிட்சில் அசைந்து டிரைவர் சுவிட்சில் அசையவில்லை என்றால், டிரைவர் சுவிட்சையோ இரண்டுக்கும் இடையிலுள்ள ஒயரையோ சந்தேகிக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் மற்றக் கதவுகளுக்குப் போகும் மின்சாரம் டிரைவர் கதவுச் சுவிட்சின் வழியாகவே போய்த் திரும்புகிறது. ஆகையால் இடப்பக்கக் கதவின் நோய்க்கு வலப்பக்கக் கதவில் காரணம் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

இறங்குகிறது, ஏறமாட்டேன் என்கிறது; அப்போது மோட்டார் உயிரோடிருக்கிறது, அதன் இரண்டு ஒயர்களும் முழுசாக இருக்கின்றன என்றே பெரும்பாலும் பொருள். இரண்டில் ஒன்று அறுந்திருந்தால் எந்தப் பக்கமும் ஓடாதே! சுவிட்சுக்குள் ஒரு தொடுமுனை கருகியிருக்கும். மெதுவாக ஏறுகிறது என்றால் கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் செம்மண் சேறு படிந்திருக்கலாம். அல்லது எர்த் துருவேறி மின்சாரம் மெலிந்திருக்கலாம். நாலைந்து தரம் ஏற்றி இறக்கினால் நின்றுபோய், ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது என்றால், மோட்டாருக்குள் சூட்டைத் தடுக்கும் அமைப்பு தன் கடமையைச் செய்திருக்கிறது. அது எச்சரிக்கை.

விளக்கின் சாட்சி

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கதவுப் பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் கண்ணாடியை மேலே தூக்கி, அகலமான ஒட்டுநாடாவால் கதவுச் சட்டத்தோடு ஒட்டி வையுங்கள். நழுவி விழுந்தால் கை போகும். மஞ்சள் நிற உறைக்குள் போகும் ஒயர்களைத் தொடவே கூடாது. அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை.

மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஒயர் வரும் பக்கத்திலுள்ள இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு 12 வோல்ட், 21 வாட் சிக்னல் விளக்கை வைத்துச் சுவிட்சை அழுத்துங்கள். மேலே அழுத்தினாலும் கீழே அழுத்தினாலும் விளக்கு பிரகாசமாக எரிந்தால், மின்சாரம் ஒழுங்காக வந்து சேர்கிறது. மோட்டாரையோ கண்ணாடியைத் தூக்கும் அமைப்பையோ பாருங்கள். இரண்டு பக்கமும் எரியாவிட்டால் மோட்டார் நிரபராதி. புது மோட்டார் வாங்குவது தண்டச் செலவு. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் சுவிட்சைப் பிடியுங்கள். இணைப்பில் இரண்டுக்கு மேற்பட்ட ஒயர்கள் இருந்தால் அது எலெக்ட்ரானிக் அமைப்பு. அதில் விளக்கை மாட்டாமல், விவரம் அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மீட்டர் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் மின்சாரத்தைக் குடிப்பதில்லை. எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். அந்த ஒற்றை இழையால் மோட்டாரை ஓட்ட முடியுமா? ஒற்றைப் பலகைப் பாலத்தில் ஓர் ஆள் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, லாரியும் போகும் என்று சொல்வது போன்றது அது. விளக்கோ ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பாலத்தின் பலம் பாரம் ஏற்றினால்தான் தெரியும்.

செய்யக் கூடாதவை

பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் எங்கோ ஒயரின் தோல் கிழிந்து வண்டியின் இரும்பில் படுகிறது என்று அறியுங்கள். அதைத் தேடாமல் சிகரெட் டப்பியின் வெள்ளிக் காகிதத்தையோ செம்புக் கம்பியையோ சொருகுவது வண்டிக்குத் தீ வைப்பதாகும். பியூஸ் எரிவது ஒயர் எரியாமல் காப்பதற்காக.

அறுந்த ஒயரை உறைக்குள்ளேயே முறுக்கி நாடா சுற்றி விடுவது வேலையல்ல. பல மெல்லிய இழைகளைக் கொண்ட, அதே கனமுள்ள புது ஒயர்த் துண்டு போட வேண்டும். இணைப்புகள் வளைகிற இடத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போகும். விறைத்த இடம் வளைந்தால் மறுபடி ஒடியும். ஓர் ஒயர் அறுந்திருந்தால் அதன் பக்கத்திலுள்ளவையும் அதே வயதுதான் என்பதை நினைவில் வைத்து எல்லாவற்றையும் பாருங்கள். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாதீர்கள். மழைநீர் உட்புறம் வராமல் தடுப்பது அதுவே. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருந்தால் குத்தி விடுங்கள்.

சுவிட்ச் இறுகுகிறது என்று கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. அதனால் என்ன ஆகும் என்பதை உலகப் பெரிய கம்பெனியின் அனுபவமே சொல்லுகிறது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டொயோட்டா கம்பெனி உலகமெங்கும் சுமார் 74 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டிரைவர் கதவுச் சுவிட்சில் கிரீஸ் சீராகப் பூசப்படாததே காரணம். அமெரிக்காவில் ஓடிய டண்ட்ரா பிக்கப்பும் அதில் அடக்கம். கடையில் விற்கும் எண்ணெயை ஊற்றினால் சுவிட்ச் உருகிப் புகைந்து தீப்பிடிக்கக்கூடும் என்று அப்போதே எச்சரித்தார்கள். 2015ஆம் ஆண்டு அக்டோபரில் மறுபடியும் சுமார் 65 லட்சம் வண்டிகள் அதே சுவிட்சுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு துளி கிரீஸ் இவ்வளவு செய்யுமானால், நம் கைவைத்தியம் என்னதான் செய்யாது?

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல பழைய பிக்கப்புகளில் விரல் பட்டால் தானாக நிற்கும் வசதி கிடையாது. குழந்தையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறிவிடாதபடி சுவிட்சை அமைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் 2004ஆம் ஆண்டில் விதி செய்தது. அதற்கு முன் அங்கே குழந்தைகள் கழுத்து நெரிந்து மாண்டதே அவ்விதிக்குக் காரணம். சாவியை வண்டியில் விட்டுவிட்டுக் குழந்தையைத் தனியே உட்கார வைக்காதீர்கள்.

பட்டறைக்காரரும் தொழிலாளியே

இவ்வளவும் சொல்லுவது பட்டறைக்காரர் எல்லோரும் மோசக்காரர் என்பதற்காக அல்ல. கையில் கிரீஸ் படிய உழைப்பவரும் நம்மைப் போன்ற தொழிலாளியே. உண்மையைச் சொன்னால் நம் பக்கத்திலும் ஒரு பழக்கம் உண்டு. அரை மணி நேரம் குனிந்து ஒயரைச் சோதித்தவருக்கு, "சாமான் ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்கிறோம். சாமானுக்குத்தான் பணம் என்று நாம் பிடிவாதம் பிடித்தால் அவரும் சாமானைத்தான் மாற்றுவார்! சோதனைக்குக் கூலி கொடுக்க மறுக்கிறவன், ஊகத்துக்கு விலை கொடுக்கிறான். உழைப்புக்கு ஊதியம் கேட்கிற நாம், இன்னொருவன் மூளை உழைப்புக்கு ஊதியம் மறுப்பது தகுமா?

"பழைய வண்டிதானே, போத்தோங் கடையில் கழற்றிய மோட்டார் மலிவாகக் கிடைக்கும், மாற்றிவிட்டால் போகிறது" என்பார் சிலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை அது. அந்த மோட்டாரும் பழையது. கழற்றி மாட்டும் கூலி தனி. பழுது ஒயரில் இருந்தால் அவ்வளவும் ஆற்றில் கரைத்த புளி.

ஆகவே பட்டறைக்குப் போனால் மூன்று வார்த்தை சொல்லுங்கள். முதலில் சோதியுங்கள், அதற்குரிய கூலியைத் தருகிறேன். மாற்றினால் பழைய சாமானை என் கையில் கொடுங்கள். செய்த வேலையை எழுதி ரசீது கொடுங்கள். இது சண்டையல்ல, முறை. சேவை செய்பவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்லுகிறது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் வண்டியில் ஒருவர் ஏமாற்றப்பட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் ரசீது இல்லாதவன் எதைக் கொண்டு வழக்காடுவான்?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்து வண்டியின் புத்தகத்தில் "கண்ணாடி ரிப்பேர்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அனுப்பாதீர்கள். எந்தக் கதவு, எந்தச் சுவிட்ச், ஏறும்போதா இறங்கும்போதா, மழைக்குப் பிறகா, கதவு திறந்திருக்கும்போதா என்று டிரைவரைக் கேட்டு நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரி பட்டறையில் பாதி வேலையை முடித்துவிடும். உங்கள் பேனாவுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

ஒவ்வொரு குடியிருப்பிலும் நாலு வீட்டார் சேர்ந்தால் ஒரு மீட்டரும், இரண்டு ஒயர் பிடித்த ஒரு சிக்னல் விளக்கும் வாங்கி வைப்பது பெரிய காரியமல்ல. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் இளைஞர் இருவர் அதைப் பிடித்துப் பழகட்டும். இன்று அண்டை வீட்டாரின் கதவைச் சோதிக்கும் பையன், நாளை அந்தத் தொழிலையே முறையாகக் கற்றுச் சொந்தக் காலில் நிற்பான்.

தோழர்களே! பாடுபட்டுச் சேர்த்த காசு உங்களுடையது. அதைக் கொடுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். விளக்கு எரிந்ததா என்று கேளுங்கள். பழுதைக் கண்டுபிடி, பிறகு பணத்தை எடு!